கலெக்டர் தின்ற விரல்

தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் கால் விரலை ஒரு நாய் தின்றால், எத்தனையாவது கடியில் விழித்துக்கொள்வீர்கள்?

முதல் கடியிலேயே என்பீர்கள். பல் பட்டதுமே எழுந்து உதைப்பேன் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் என்னை எழுப்பியது நாய் இல்லை. வாசலில் நின்ற கோவிந்தம்மாள்.

"ஏம்பா காசி," என்றாள். "உன் கால நாய் துன்னுதுப்பா."

அவள் கத்தவில்லை. நான் குடியிருந்த லைன் வீட்டுக்குச் சொந்தக்காரி அவள். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல வந்தவள், இடுப்பில் நிறைகுடத்தோடு நின்றாள். தண்ணீர் வந்துடுச்சி என்று சொல்கிற அதே குரலில் இதையும் சொன்னாள். நான் படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தேன். பாயின் கடைசியில் நாய் படுத்திருந்தது. முன்னங்கால் இரண்டாலும் என் இடது பாதத்தை அணைத்துப் பிடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடைவாயால் மென்றுகொண்டிருந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது. பாயில் ரத்தம். சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

வலிக்கவில்லை.

யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தேன். பிறகுதான் இழுத்தேன். விளையாடுகிறேன் என்று நினைத்து நாயும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. அப்புறம் விட்டுவிட்டது. நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று காதைத் திருப்பிக் கேட்டது.

அதற்குக் கண் இல்லை.

நடந்தது ஐம்பத்தாறாம் வருசம், மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆம்பூரில் தோல் கம்பெனிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. சாப்பிட்டுப் படுத்தவன் அசந்துவிட்டேன்.

அந்த நாய் என்னுடையதும் இல்லை. மார்கழியில் ஒரு விடியற்காலை, எங்கள் கம்பெனி வாட்ச்மேன் சர்தார் பாஷா பாய் அதைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்தார். தோலிலிருந்து முடி கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுகிற குழி அது. ஆள் இடுப்பளவு ஆழம். தோலில் ஒட்டியிருக்கும் சவ்வைச் சுரண்டிக் குழி ஓரம் குவித்து வைப்பார்கள். அதைத் தின்ன வந்த நாய் வழுக்கி விழுந்திருக்கிறது. தோலை இழுக்கிற நீள இடுக்கியால் பாய் அதைப் பிடித்துத் தூக்கிப் போட்டு, இருபது வாளி தண்ணீர் ஊற்றினார். உயிர் நின்றது. பாதி முடி கொட்டியது. கண் இரண்டும் அவித்த முட்டையின் வெள்ளைபோல் ஆகிவிட்டது.

"நீ வெச்சிக்கோ காசி," என்றார் என்னிடம். "நம்ம வூட்ல வெக்க முடியாது. நாய் பட்ட துணியோட தொழ முடியாது, எங்க வூட்டம்மா எனக்கே சோறு போடாது. உனக்கு இன்னா பேஜார்? கேக்கறதுக்கு யார் இருக்காங்க?"

அந்தக் கடைசி வார்த்தை கொஞ்சம் சுட்டது. ஆனால் உண்மை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மூன்று வருசத்துக்கு முன்னால் ரயிலேறி வந்தவன் நான். இந்த ஊரில் என்னைக் கேட்க ஆள் கிடையாது.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். பங்குனி வரைக்கும் போதும் என்றார். ஆலங்காயத்திலிருந்து எங்கள் கம்பெனிக்குத் தோல் பதனிடும் ஆவாரம் பட்டை வண்டி ஓட்டி வருகிற பரந்தாமன், அங்கே ஒரு மாந்தோப்பைக் காவலுக்கு எடுத்திருந்தார். பிஞ்சு விட்டதும் நாய் வேண்டும். கண் இல்லாவிட்டால் என்ன, காது இருக்கிறது, குரைத்தால் சரி என்று சொல்லியிருந்தார். அதுவரை நான் வைத்திருக்கவேண்டும். அவ்வளவுதான் பேச்சு.

லைனில் எல்லாரும் அதைக் கலெக்டர் என்றார்கள். பெயர் வைத்தவர் முனிரத்தினம். "யார் எதுக்க வந்து நின்னாலும் பாக்கவே பாக்காது. கலெக்டர் ஆபீஸ்ல அப்படித்தான்," என்றார். முனிரத்தினம்தான் எங்களுக்குச் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. லைனில் எனக்கு மூன்றாவது வீடு. தினமும் வேலை விட்டு வரும்போது ஒரு பிடி சவ்வை இலையில் கட்டிக்கொண்டு வந்து அதற்குப் போடுவார். அவர் மகள் பூரணிக்கு நாலு வயது. கலெக்டரின் காதைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிவருவாள். எங்கே இடித்துக்கொள்ளும் என்று பார்த்து அவள் திருப்புவாள். அது திரும்பும்.

நானும் அதற்கு வழி பழக்கினேன். வாசற்படி, குழாயடி, புங்கமரம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடி என்று அது கணக்கு வைத்துக்கொண்டது. நான் வேலையிலிருந்து வருவது தெரு முனையிலேயே தெரிந்துவிடும். வந்ததும் என் காலை நக்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் எங்கள் கால்களில் தோல் வாசம் போகாது. நக்கட்டும் என்று விட்டுவிடுவேன். மூன்று வருசத்தில் என்னைத் தொட்ட பிராணி அது ஒன்றுதான்.

கால் மரத்துப்போனதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குழியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுண்ணாம்பு பட்டுப் பாதம் வெடித்து எரியும். ராத்திரி அழுதிருக்கிறேன். அப்போது முனிரத்தினம் சொன்னார்: "ஆறு மாசம் எரியும் தெக்கத்தி. அப்புறம் மரத்துப்பூடும். மரத்துச்சின்னா நீ எங்க ஆளு." போன ஐப்பசியில், ஒரு காலில் செருப்பு கழன்றது தெரியாமல் கடைத்தெருவிலிருந்து கம்பெனி வரைக்கும் நடந்து வந்தேன். கேட்டில் பாய்தான் பார்த்துச் சொன்னார். குழியடியில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். முனிரத்தினம் என் முதுகில் தட்டி, அத்தனை பேருக்கும் டீ சொன்னார். "தெக்கத்தி தோல்காரன் ஆய்ட்டான்பா."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. எங்கள் குழியடியில் கால் மரத்துப்போவது வியாதி இல்லை. பிரமோசன்.

கோவிந்தம்மாள் குடத்தை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். நாயைத் துடைப்பக்கட்டையால் மூலைக்குத் தள்ளினாள். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தாள்.

"வெரலே இல்லியேப்பா," என்றாள். "நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"தூங்கிட்டேன் அக்கா."

"இப்படியா தூங்குவாங்க?"

அதற்குள் லைனே வாசலில் கூடிவிட்டது. முனிரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். பிறகு, "மொளகாத்தூள் எடு," என்றார். நாய்க்கடிக்கு மிளகாய்த்தூளை நல்லெண்ணெயில் குழைத்து வைத்தால் விசம் ஏறாது என்று அங்கே ஒரு நம்பிக்கை. யாரோ கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். துள்ளுவேன் என்று.

கோவிந்தம்மாள், "பல்ல கடிச்சிக்கோப்பா," என்று சொல்லிவிட்டு, சிவப்பாகக் குழைத்ததை எடுத்து எலும்பு தெரிகிற இடத்தில் அழுத்தினாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

இப்போது எரியும் என்று காத்திருந்தேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் யாரோ மூடாமல் விட்ட தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. எரியவில்லை. கத்தவேண்டும் என்பதுகூட எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தோன்றியது. தோன்றியதும் "அம்மா" என்றேன். சாமிக்குத் தேங்காய் உடைத்தவன் பழக்கத்தில் அரகரா என்பதுபோல் அது இருந்தது.

முனிரத்தினம் தலையை ஆட்டினார். "பாத்துக்குங்கடா. இவன்தான் ஆளு. மொளகாய வெச்சாலும் அசையல. சுண்ணாம்புல வெந்த காலுடா அது."

இரண்டு பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்கு அப்போதுதான் இடது முழங்கை ஞாபகம் வந்தது.

முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த தேமல் ஒன்று இருந்தது. ஒரு வருசமாக இருந்தது. சட்டை போட்டால் தெரியாது. போன மாசம் சோறு வடிக்கும்போது அந்த இடத்தில் சூடான கஞ்சி கொட்டியது. கொப்புளம் வந்த பிறகுதான் கொட்டியதே தெரிந்தது. அதையும் சுண்ணாம்பு என்று நினைத்துக்கொண்டேன். சுண்ணாம்பு அவ்வளவு உயரம் ஏறாது. குழியில் இறங்குகிற எவனுக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு மிளகாயை வைத்த பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் குஷ்டத்தைப் பெருநோய் என்பார்கள். சத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

"நாய் எங்க?" என்றார் முனிரத்தினம்.

மூலையில் கலெக்டர் கால்களை மடக்கிப் படுத்திருந்தது. அவர் குரலைக் கேட்டதும் வாலை ஆட்டியது. சவ்வு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்திருக்கும்.

"வெறி புடிச்சிக்கிச்சி. முடிச்சிடணும்," என்றார்.

"வெறி இல்ல மேஸ்திரி," என்றேன். "காலையில எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு." பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரைத் தள்ளிவைத்தேன். கலெக்டர் மோப்பம் பிடித்து வந்து சளக் சளக் என்று குடித்தது. வெறி நாய் தண்ணீரைக் கண்டால் ஓடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

முனிரத்தினம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இன்னும் மோசம்," என்றார். "வெறியில்லாம, தெளிவா துன்னுக்கீது. மனுசக் கறி ருசி கண்டுக்கிச்சி. இன்னிக்கி தூங்கறவன் காலு. நாளைக்கி பூரணி மூஞ்சி. நீயே சொல்லு தெக்கத்தி, வுட முடியுமா?"

அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"நான் கடப்பாரை எடுத்தாறேன். நீங்க அத புங்கமரத்துல கட்டுங்க," என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். இரண்டு பேர் கலெக்டரைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் அது முதலில் குழாயடிப் பக்கம் திரும்பியது. மரத்தடி வந்ததும், தனக்குத் தெரிந்த இடம் என்று உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரத்தில்தான் சர்தார் பாஷா வந்தார். ஜும்மா தொழுகை முடித்து, வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசமுமாக டியூட்டிக்குப் போகிற வழி. யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வந்து என் காலைப் பார்த்தார். மிளகாயைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மற்றவர்கள் மரத்தடிக்குப் போயிருந்தார்கள்.

"எரியுதா?" என்று மெல்லக் கேட்டார்.

நான் மிளகாயையே பார்த்தேன்.

"அன்னிக்கி செருப்பு வுழுந்துச்சே. அப்பவே எனக்கு டவுட்டு," என்றார். "என் பெரியப்பா மவனுக்கு இப்படித்தான் ஆச்சி." சட்டைக் கையை மேலே தூக்கச் சொன்னார். தேமலைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டுப் பட்டன் போட்டுவிட்டார். பிள்ளைக்குப் போடுவதுபோல்.

"காசி, சொல்றத கேளு. வேலூருக்கு அந்தாண்ட இதுக்குன்னே ஆஸ்பத்திரி கீது. மாத்திரை தர்றாங்க. அவன் போனான், நின்னுச்சி. நீயும் லீவு போட்டு சத்தமில்லாம போ. ஆனா இங்க வாய தொறக்காத. தொறந்தா வேல போச்சி, வூடு போச்சி. டீக்கடைல க்ளாஸ் தரமாட்டான்."

"நாய்?"

அவர் மரத்தடியைப் பார்த்தார். முனிரத்தினம் கடப்பாரையோடு வந்துகொண்டிருந்தார்.

"குழியிலேர்ந்து எடுத்தவன் நான். நானே சொல்றேன். போவட்டும் வுடு," என்றார் பாய்.

நான் எழுந்தேன். எலும்பு தெரிகிற காலை ஊன்றித்தான் நடந்தேன். நடக்க முடிந்தது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மிளகாயும் ரத்தமுமாக முற்றத்து மண்ணில் தடம் விழுந்தது.

"மேஸ்திரி, நில்லுங்க."

"நீ ஏன்பா வந்த? போய் படு."

"அது மேல தப்பில்ல. தினமும் நாமதான் அதுக்குத் தோல் சவ்வு போடுதோம். என் காலுலயும் அதே வாசம்தான். கண்ணு தெரியாத நாய். மெல்லும்போது நான் ஒரு உதை விட்டிருந்தா அது ஓடியிருக்கும். நான் அசையல. இது உசிருள்ள காலுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியலையே."

"அதான் சுண்ணாம்புல மரத்த காலாச்சே..."

"சுண்ணாம்பு முழங்கைக்கு மேல ஏறுமா மேஸ்திரி?"

"ஏறாது."

சட்டையைக் கழற்றினேன். பாய் பின்னாலிருந்து, "காசி, வேணாம்," என்றார். தேமல் இருந்த இடத்தை முனிரத்தினத்திடம் காட்டினேன். "கிள்ளுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. இடது கையால் கிள்ளினார். நகம் பதிகிற அளவுக்குக் கிள்ளினார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரிந்தபோது அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

கூட்டம் தானாகவே பெரிதாக விரிந்தது. தள்ளி நின்றார்கள். கோவிந்தம்மாள் என் காலைத் தன் மடியில் வைத்தவள். அவள் போய் அந்தக் குடத்துத் தண்ணீர் முழுவதையும் தன் கைகளில் ஊற்றிக்கொண்டாள். குடம் காலியான பிறகும் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ பூரணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

நான் முனிரத்தினத்தையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடப்பாரையைப் பிடித்திருந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையில் கடைசி இரண்டு விரல்களும் எப்போதும் மடங்கியே இருக்கும். இருபத்திரண்டு வருசம் இடுக்கி பிடித்த கை என்று சொல்வார். குழியடியில் எல்லாருக்கும் அந்தக் கையைக் காட்டியிருக்கிறார். இப்போது அந்த விரல்களை நீட்டப் பார்த்தார். அவை நீளவில்லை. கடப்பாரையை மரத்தில் சாய்த்துவிட்டு, இடது கை நகத்தால் அந்தச் சுண்டுவிரலை அழுத்தினார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பிறகு சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேட்டியில் கையை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். கடப்பாரையை எடுத்துப்போகவில்லை.

பாய் மரத்தடிக்கு வந்தார். எப்போதும் கலெக்டர் பக்கத்தில் வந்தால் "தூரம், தூரம்" என்று வேட்டியைத் தூக்கிக்கொள்கிறவர். அன்றைக்கு ஜும்மா துணியோடு குனிந்து அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். நாய் அவர் முழங்கையை நக்கியது. அவர் கையை எடுக்கவில்லை.

"பைத்தியக்காரன்டா நீ," என்றார் என்னிடம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கோவிந்தம்மாள் என் வாசலுக்கு வந்தாள். படியேறவில்லை. ஒரு தட்டில் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்து, படிக்குக் கீழே வைத்தாள்.

"நாய யாரும் தொட மாட்டாங்கப்பா. நான் சொல்லிட்டேன்," என்றாள். "நீ காலையில காலி பண்ணிடு. நான் ஒண்டிக்காரி, மத்த குடித்தனமெல்லாம் போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன். தப்பா நெனைக்காத."

"இல்லக்கா."

கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள். "தட்டு உனக்கே. திருப்பித் தர வேணாம்."

சோற்றில் பாதியைக் கலெக்டருக்கு வைத்தேன். அது தின்கிறதைப் பார்த்தேன். சாயங்காலம் முழுவதும் நினைத்துப் பார்த்தும் எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் திகைப்பாக இருந்தது. என் உடம்பில் எந்த இடம் வரைக்கும் நான் இருக்கிறேன் என்று தெரியவில்லை. ஒரு துடைப்பக்குச்சியை எடுத்து, பாதத்திலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தேன். கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலேதான் முதல் தடவை வலித்தது. அந்த இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டேன். வலித்ததற்கு அவ்வளவு சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான்.

ராத்திரி தூங்கவில்லை என்று எழுதினால் பொய். கலெக்டரை வாசலில் கட்டிவிட்டு, கால் இரண்டையும் கோணிப்பையில் நுழைத்துக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பரந்தாமன் பட்டை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு வந்தார். பாய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். "மாங்கா திருட வர்றவன் கால துன்னா எனக்கு நல்லதுதான்," என்று சொல்லி நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நான் தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு வேலூர் வழியாகப் போகிற பஸ் ஏறினேன். முனிரத்தினம் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார், வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற நிறுத்தத்தில் அவர் முதலில் இறங்கினார், நான் அவருக்குப் பின்னால் இறங்கினேன்.